கிழங்கின் தலையைத் திருப்பி வைத்த சிக்கி

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நாளில், மிருகங்கள் கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொன்ன நாளில், துள்ளியாறு என்று ஓர் ஆறு இருந்தது. மேலே மலை உச்சியில் ஓர் ஊற்றுக்கண். நடுவே காடு. கீழே மாடமங்கலம் என்கிற பெரிய பட்டணம். நல்லா உட்கார்ந்துகொள்ளுங்கள். பாதியில் எழுந்து போனால் மறுபடி முதலிலிருந்து சொல்ல மாட்டேன்.

காட்டுக்குள்ளே பதினேழு குடிசை இருந்தது. அதைப் பதி என்பார்கள். அந்தப் பதியில் இருந்த பெண்தான் சிக்கி. வயது பதினாறு. பொறுமை என்றால் என்ன என்று கேட்பாள். உலை கொதிப்பதற்குள் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்ப்பாள். "வெந்துச்சா? வெந்துச்சா? வெந்துச்சா?"

"நீ திறந்து திறந்து பார்த்தா அடுத்த வருசந்தான் வேகும்" என்பாள் அக்கா மாதி. அம்மா அப்பா இல்லாத வீடு. சிக்கிக்கு எல்லாமே மாதிதான்.

அந்தப் பதிப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் காட்டுக்கிழங்கு தோண்டப் போவார்கள். நுனி சீவிய கழியால் குழி தோண்டி, கிழங்கை எடுப்பார்கள். எடுத்ததும், கொடியோடு ஒட்டியிருக்கிற அதன் தலையை மட்டும் வெட்டித் திரும்பக் குழியிலேயே வைத்து மூடுவார்கள். மண்ணை மூன்று தட்டு தட்டுவார்கள். "நீ எனக்கு, நான் உனக்கு" என்பார்கள். அடுத்த மழைக்கு அதே குழியில் அதே கிழங்கு. தலையை வைக்க மறந்தவளுக்கு அன்றைக்குச் சோற்றில் பங்கு கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, அழுதாலும் கிடையாது. சிக்கி சின்ன வயதில் நாலு நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் மறந்தாலும் அவள் கை மறக்காது.

இப்படி இருக்கையில், மாடமங்கலத்து ராஜா மகுடவர்மனிடம் ஒரு மந்திரவாதி வந்தான். அவன் பேர் மினுக்கன். மேலெல்லாம் மினுமினுப்பு. அவனிடம் ஒரு செப்பு அண்டா இருந்தது. வெள்ளைத் துணியை உள்ளே போட்டால் கண் சிமிட்டுவதற்குள் சாயம் ஏறிவிடும். சிவப்பு என்றால் சிவப்பு. நீலம் என்றால் நீலம். கருப்பு என்றால் கருப்பு.

ராஜாவுக்கு வாய் பிளந்துவிட்டது. "உனக்கு என்னய்யா வேணும்?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. அந்த மலை மேல இருக்கிற ஊற்றுக்கண் மட்டும் போதும்."

"அவ்வளவுதானா? எடுத்துக்க!"

யாருடைய ஊற்றை யார் யாருக்குக் கொடுப்பது? அதை ராஜா யோசிக்கவில்லை. ராஜா யோசித்திருந்தால் எனக்குக் கதை ஏது?

மினுக்கன் ஊற்றைச் சுற்றி மதில் எழுப்பினான். வாசலில் மூன்று வேட்டை நாய்களைக் கட்டினான். ஊற்றின் மேல் அண்டாவை வைத்தான். துணி துணியாகப் போட்டான், வண்ணம் வண்ணமாக எடுத்தான், மிஞ்சின சாயத்தை அப்படியே ஆற்றில் திறந்துவிட்டான்.

முதல் நாள் ஆறு சிவப்பாக வந்தது. தொட்டவர்களுக்குக் கை அரித்தது. இரண்டாம் நாள் நீலமாக வந்தது. குளித்த மாட்டுக்கு முடி கொட்டியது.

பதியிலிருந்து மூன்று ஆண்கள் கோபமாக ராஜாவிடம் முறையிடப் போனார்கள். மூன்று பேரும் தலையில் புதுச் சிவப்புத் தலைப்பாகையோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"கேட்டீங்களா?" என்றாள் கெம்பி அத்தை. பதியிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

"கேட்க வாயைத் திறந்தோம். அதுக்குள்ள இதைக் கட்டி விட்டுட்டாங்க. நல்லா இருக்கில்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதை வச்சே வாயையும் கட்டிக்கங்க."

பெண்கள் கூடிப் பேசினார்கள். மாதி சொன்னாள்: "மேலே இருக்கிறவன் நிறுத்த மாட்டான். கீழே இருக்கிறவன் கேட்க மாட்டான். நடுவுல நாமதான் இருக்கோம். நடுவுலேயே மறிப்போம்."

பதிக்குப் பக்கத்தில் ஆறு ஒரு மடுவாகத் தேங்கி நிற்கும். அது கீழே வழிகிற வாயில், பாறைக்குப் பாறை தாவி நின்று, பெண்கள் ஒரு மெத்தை போட்டார்கள். தூங்குகிற மெத்தை இல்லை. அடியில் கூழாங்கல், அதன் மேல் மணல், அதன் மேல் அடுப்புக்கரி, அதன் மேல் மறுபடி மணல், அதில் நெருக்கமாக வெட்டிவேர். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையில் தேய்ப்பார்களே, அந்தத் தேத்தாங்கொட்டையைக் கூடை கூடையாக இடித்து இடையில் தூவினார்கள். ஒரு பகல் முழுக்க அதே வேலை. சிக்கி மணல் சுமந்தாள். ஒவ்வொரு கூடைக்கும் கேட்டாள், "தெளிஞ்சுச்சா? தெளிஞ்சுச்சா?"

முக்கால்வாசி தெளிந்தது. மிச்சக் கால்வாசி கீழே போனது. அதில் குளித்த ராஜாவுக்கு மீசை பச்சையாகிவிட்டது. அது நல்லதுதான்.

நாலாம் நாள் காலை, ஆறு கருப்பாக வந்தது.

மேலே நுரை, கீழே கருப்பு. மடுவில் அந்த நுரைக்கு மேலே, இன்னும் தண்ணீரில் கால் படாமல், ஒரு நீர்நாய்க்குட்டி கீச் கீச் என்று தத்தளித்தது. கரையில் தாய் நீர்நாய் அலறியது. பெண்கள் எல்லோரும் "தொடாதே, தொடாதே" என்று கத்தினார்கள். மாதி கேட்கவில்லை. மெத்தையின் ஓரத்திலிருந்து மடுவுக்குள் குதித்தாள், குட்டியைத் தூக்கிக் கரைக்கு எறிந்தாள். திரும்பிச் சிக்கியைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு கல்லாகிவிட்டாள். பாதத்திலிருந்து தலைவரை கருங்கல். சிரிக்கிற கருங்கல்.

சிக்கி ஓடிப்போய்க் கத்தினாள். "அக்கா! விளையாடாத அக்கா! அக்கா!" கல் எங்கே பேசும்?

தாய் நீர்நாய் பேசியது. குட்டியை நக்கிக்கொண்டே மூக்கை உறிஞ்சியது. "ஏ பொண்ணே, அழுது முடிச்சுட்டியா? முடிக்கலைன்னா அழுதுகிட்டே கேளு. நேரம் இல்லை. உன் அக்கா என் குட்டியைக் காப்பாத்தினா. அதனால ஒரு ரகசியம் சொல்றேன். மினுக்கனோட உயிர் அவன் உடம்புல இல்லை. அண்டாவுக்கு அடியில, ஊத்து மண்ணுல, ஒரு மாயக்கிழங்கா இருக்கு. அந்தக் கிழங்கு ஊத்துத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தான் சாயம் கக்குது. அதைத் தோண்டி எடுத்துட்டா அவன் தூள். இன்னையிலேர்ந்து மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள சாயம் நீங்கணும். இல்லைன்னா உன் அக்கா என்னைக்கும் கல்லுதான்."

"தோண்டறதா? அதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை! வாசல்ல நாய் நிக்குதே, எப்படிப் போறது?"

"வாசல் எதுக்கு? எங்க வீட்டு வளை நேரா அண்டாவுக்கு அடியில போகுது. உன் தோள் நுழையுமான்னு பாரு. நிறையத் தின்னியா?"

"நாலு நாளா எங்க வீட்ல யாருமே சரியா திங்கல" என்றாள் சிக்கி.

மறுநாள் காலை சிக்கி கழியை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குள் ஊர்ந்தாள். மீன் வாடை. இருட்டு. தலைக்கு மேலே அண்டா கொதிக்கிற சத்தம், தடபுடா தடபுடா என்று. நீர்நாய் முன்னே போய், "இங்கே" என்றது. சிக்கி மல்லாந்து படுத்து, மேலே பார்த்துத் தோண்டினாள். மண் மூஞ்சியில் கொட்டியது. ஒரு குத்து. இரண்டு குத்து. மூன்றாவது குத்தில் கிழங்கு தெரிந்தது.

ஆள் உயரக் கிழங்கு. தோலெல்லாம் மினுமினுப்பு. அதற்கு மினுக்கனின் மூக்கு, மினுக்கனின் வாய். "ஐயோ, கூசுது, கூசுது!" என்று கத்தியது.

"கூசட்டும்" என்றாள் சிக்கி. இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு.

மேலே அண்டா படீர் என்று பிளந்தது. மதிலுக்குள் நின்றிருந்த மினுக்கன் ஒரு தும்மல் தும்மினான், அப்படியே வண்ணப்பொடியாக உதிர்ந்துபோனான். மூன்று நாய்களும் அந்தப் பொடியை மோந்து பார்த்துத் தாங்களும் தும்மிவிட்டு வீட்டுக்கு ஓடின.

சிக்கியும் நீர்நாயும் கிழங்கை இழுத்துக்கொண்டு வளையிலிருந்து வெளியே மடுக்கரைக்கு வந்தார்கள். நீர்நாய் கிழங்கைக் கடித்துத் துப்ப, அது ஆவியாகப் போனது. "முடிஞ்சுது! முடிஞ்சுது! முடிஞ்சுது!" என்று நீர்நாய் குட்டிக்கரணம் போட்டது.

மூன்றாவது குட்டிக்கரணத்தில் அதன் கண் சிக்கியின் மேல் விழுந்தது. சிக்கி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து ஈர மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. "நீ எனக்கு, நான் உனக்கு."

"பொண்ணே," என்றது நீர்நாய் மெதுவாக, "என்ன பண்றே?"

"கிழங்கோட தலையை வெட்டித் திருப்பி வச்சேன். குழிதான் இடிஞ்சு மூடிக்கிச்சே. அதான் இங்கே..."

"அடி மூளை கெட்டவளே! அது மினுக்கன் தலைடீ!"

"கை... கை தானா பண்ணிருச்சு!"

தலையை எடுக்கக் குழியைக் கிளறினாள். அதற்குள் அது வேர் விட்டு, மெத்தை மணலுக்குள் எங்கேயோ ஆழத்துக்குப் போய்விட்டது. சிக்கி மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டாள். மடுவில் அக்கா அசையவே இல்லை. மினுக்கன் செத்தும் சாயம் போகவில்லை. ஆற்றில் அது முன்னைப்போலவே கருகருவென்று தேங்கி நின்றது.

"நாளைக்கு அது முளைக்கும்" என்றது நீர்நாய். "மூணு இலை விடறதுக்கு முன்னாடி பிடுங்கிப் போடு. இலை விட்டுதோ, மினுக்கன் முழுசா எழுந்துடுவான்."

மறுநாள் அதுதான் கடைசி நாள். விடிந்தும் விடியாமல் பெண்கள் எல்லோரும் கழியோடு மெத்தையைச் சுற்றி நின்றார்கள். மணலைப் பிளந்துகொண்டு ஒரு முளை வந்தது. ஓர் இலை விட்டது, சிவப்பு. இன்னோர் இலை விட்டது, நீலம்.

"பிடுங்குடி!" என்றாள் கெம்பி அத்தை.

சிக்கி குனிந்து முளையைப் பிடித்தாள். அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் வாய். அப்புறம் முழங்கை அளவே இருந்த மினுக்கன், மண்ணும் கண்ணீருமாக.

"ஆமா தாயி, பிடுங்கு!" என்று அழுதான். "பிடுங்கினா மூட்டை நிறையத் தங்கம் தரேன்!"

சிக்கியின் கை நின்றது.

"பட்டுப் பட்டாத் தரேன்!"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"மாடமங்கலத்துக்கே உன்னை ராணியாக்கறேன்! பிடுங்கு தாயி! என் வாய்க்குள்ள என்னமோ ஊத்திக்கிட்டே இருக்கு, குமட்டுது!"

"இவன் ஏன் பிடுங்கச் சொல்றான்?" என்றாள் சிக்கி.

அப்போது மடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏண்டி சிக்கி! என் கழுத்து வலிக்குதுடி!"

எல்லோரும் திரும்பினார்கள். மாதியின் தலை மட்டும் பழையபடி சதையும் முடியுமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே கல். அக்காவுக்கு வாய் மட்டும் திரும்பி வந்திருந்தது. அது போதும் அவளுக்கு. "மூணு நாளா ஒரே சிரிப்புச் சிரிச்சிட்டு நிக்கிறேன், கன்னமெல்லாம் வலி. மூக்குல ஈ வேற. எவளாவது வந்து ஓட்டினீங்களாடி?"

சிக்கி தண்ணீரைப் பார்த்தாள். மடுவின் கருப்பு ஒரு சாண் இறங்கி வெளுத்திருந்தது. முளையைச் சுற்றி மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது.

"குடிக்கிறான்!" என்று கத்தினாள். "கக்கின சாயத்தையெல்லாம் திருப்பிக் குடிக்கிறான்! 'நீ எனக்கு, நான் உனக்கு'ன்னு சொல்லி நட்டதை இந்த மண்ணு விடுமா? நேத்தே ஒரேயடியா பிடுங்கி எறிஞ்சிருந்தா சாயம் ஆத்துலயே நின்னிருக்கும், அக்கா கல்லாவே நின்னிருப்பா!"

முளையை விட்டாள். மண்ணை அணைத்து மூன்று தட்டு தட்டினாள். மூன்றாவது இலை விட்டது, கருப்பு. மினுக்கன் 'ஓ'வென்று அழுதான், 'க்ளுக் க்ளுக்' என்று குடித்தான். எழுந்திருக்க முடியவில்லை. வேர் பிடித்துக்கொண்டது.

நீர்நாய் மீசையைத் தடவியது. "எனக்கு அப்பவே தெரியும்" என்றது. பொய்.

அப்புறம் இருந்தது கஷ்டமான வேலை. காத்திருக்கிற வேலை. சிக்கிக்கு அது வேப்பங்காய். "வடிஞ்சுச்சா? வடிஞ்சுச்சா?" உச்சிப்பொழுதில் அக்காவின் தோள் வந்தது. "முதுகு அரிக்குதுடி!" என்றாள். இறங்குபொழுதில் இடுப்பு வந்தது. அப்போதுதான் மேளதாளத்தோடு, ஐம்பது சேவகரோடு, பச்சை மீசையோடு ராஜா வந்து சேர்ந்தார்.

"எங்கே என் மினுக்கன்? ரெண்டு நாளா புதுத் துணி வரலை!"

"மகாராஜா! இங்கே! இந்தப் பொண்ணுங்க என்னை நட்டுட்டாங்க! பிடுங்கச் சொல்லுங்க!"

ராஜா கையை உயர்த்தினார். "பிடுங்குங்கள்!"

சேவகர் முன்னே வந்தார்கள். பதிப் பெண்கள் தோள் உரசி வட்டமாக நின்றார்கள். முப்பது கழிகள் நிமிர்ந்தன. சிக்கி வட்டத்துக்கு முன்னே வந்து நின்றாள்.

"ராசா, ஒரே ஒரு வேலை செய்ங்க. அப்புறம் பிடுங்கிக்கங்க. மெத்தைக்கு இந்தப் பக்கம், மடுவுல, சுண்டுவிரலை நனைங்க. உங்க மினுக்கன் தந்த தண்ணிதானே?"

"ஒரு ராஜா இதுக்கெல்லாம் பயப்படுவானா?" என்று ராஜா விரலை நனைத்தார். விரல் கருங்கல்லாகிவிட்டது. "ஐயோ! அம்மா! என் விரல்!" என்று ஐம்பது சேவகருக்கு முன்னால் துள்ளினார்.

"இப்ப மெத்தைக்கு அந்தப் பக்கம் நனைங்க. அது எங்க பொண்ணுங்க தந்த தண்ணி."

நனைத்தார். கல் கரைந்து விரல் வந்தது. அப்படியே குனிந்து முகம் கழுவினார். மீசை கருப்பாகிவிட்டது.

ராஜா மீசையைத் தொட்டுப் பார்த்தார். மடுவில் இடுப்புவரை கல்லாக நின்று தன்னை முறைக்கிற மாதியைப் பார்த்தார். "பிடுங்க வேண்டாம்" என்றார் சின்னக் குரலில்.

வெயில் மலை முகட்டைத் தொட்டது. மடுவில் இன்னும் முழங்கால் அளவு கருப்பு இருந்தது. சிக்கி மினுக்கனிடம் குனிந்து, "குடிடா!" என்றாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "குடிடா! குடிடா! குடிடா!" சேவகர்களும் கத்தினார்கள். ராஜாவும் கத்தினார், அவருக்கே தெரியாமல். மினுக்கன் வயிறு பரங்கிக்காய்போல உப்ப, கடைசி மடக்கைக் குடித்து ஒரு பெரிய ஏப்பம் விட்டான்.

மடு கண்ணாடியாக நின்றது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. கூழாங்கல்லுக்கு நடுவே மாதியின் பத்துக் கால்விரலும் தெரிந்தன. பத்தும் அசைந்தன.

மாதி நடந்து கரைக்கு வந்தாள். சிக்கி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"விடுடி. பசி உயிர் போகுது. சோறு இருக்கா?"

இருந்தது. கிழங்கு வெந்து, தேனோடு இலையில் விழுந்தது. முதல் பங்கு மாதிக்கு, இரண்டாம் பங்கு சிக்கிக்கு, மூன்றாம் பங்கு நீர்நாய்க்கு. அது கிழங்கை மோந்து பார்த்து, "மீன் இல்லையா?" என்றது.

ராஜாவும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கெம்பி அத்தை இலையைப் பின்னால் மறைத்தாள்.

"ராசா, நீங்க எடுத்தது இருக்கு. என்னத்தைத் திருப்பி வச்சீங்க?"

ராஜா எழுந்தார். "ஊற்றுக்கண் உங்களுக்குத்தான்" என்றார்.

"அது எப்பவுமே எங்களுதுதான். வேற?"

"மதிலை இடிச்சிடறேன்."

"வேற?"

ராஜா மகுடத்தைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு மெத்தைக்குப் போனார். மண்டி போட்டு, வெறுங்கையால் ஒரு வெட்டிவேர்த் தூரை நட்டார். மண்ணைத் தட்டினார். இரண்டே தட்டு.

"மூணு!" என்று சிக்கி அதட்டினாள்.

மூன்றாவதும் தட்டினார். "நீ எனக்கு, நான் உனக்கு" என்றார். அதற்கப்புறம்தான் அவருக்கு ஓர் இலை போட்டார்கள். நாலு கிழங்கு தின்றார். இன்னும் கேட்டார்.

மினுக்கன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் அங்கேயேதான் இருந்தான். மந்திரமெல்லாம் சாயத்தோடு வடிந்துபோய், மெத்தை ஓரத்தில் மூவண்ண இலையோடு ஒரு கொடியாகப் படர்ந்தான். துணிக்குக் கொஞ்சம் வண்ணம் வேண்டுமென்றால் பெண்கள் நாலு இலை கிள்ளுவார்கள். துணி அலசின தண்ணீரை மெத்தையிலேயே ஊற்றுவார்கள். "மறுபடியுமா?" என்று முனகிக்கொண்டே அவன் குடிப்பான். மாடமங்கலத்தில் துணி சாயமேற ஒரு மாதம் ஆனது. ராஜா காத்திருக்கக் கற்றுக்கொண்டார். சிக்கி கற்றுக்கொள்ளவே இல்லை.

அவங்க கிழங்கு அங்கே வெந்தது, என் கதை இங்கே வெந்தது. மூடியைத் திறந்தாச்சு, எடுத்துத் தின்னுங்க. தலையை மட்டும் திருப்பி வச்சிருங்க.